ஜாஸ்மின் ஆயர் நீட்டிய பாத்திரம்

அன்பு மகன் அறிவழகனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, மனசுதான் சரியில்லை. நீயும் கவிப்பிரியாவும் அந்த ஊர்ப் பனியில் சுகமாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசலாமென்றால் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், அதனால்தான் கடிதம்.

நம் சபைக்கு ஒரு பெண் ஆயர் வந்திருக்கிறார் என்று சொன்னேனே, பெயர் ஜாஸ்மின். வீடுவீடாக வந்து விசாரிப்பார். செங்கல் சூளையில் அடிமைபோல் கிடந்த பெரியம்மாள் குடும்பத்தைக் கலெக்டர் ஆபீஸ்வரை அலைந்து மீட்டுவந்தார். இப்படி ஒரு ஆயர் வந்ததே இல்லை என்று அப்பாவே கடத்தூர் சந்தையில் பெருமையடித்தார். அப்புறம் ஆயருடைய அப்பா சேலத்தில் சாக்கடை அள்ளியவர் என்று தெரிந்தது, என்ன சாதி என்பதும் அதோடு தெரிந்துபோயிற்று. அடுத்த திருவிருந்தில், ஆயர் கையால் திராட்சரசம் குடிக்கப் பாதிப் பேர் பெஞ்சைவிட்டு எழவில்லை. அவர்களில் சபைச் செயலாளர் கருப்பண்ணன் மட்டும் எழுந்து நின்று, காய்ச்சல் பரவுதுங்க, எல்லாரும் ஒரே பாத்திரத்துல குடிக்க வேணாங்க, ஆளுக்கொரு சின்ன கப்பு வெச்சுக்கலாங்க என்றார். ஆயர் கோபப்படவில்லை. நான் தொட்டதுன்னே சொல்லுங்கய்யா, காய்ச்சல் மேல எதுக்குப் பழி போடறீங்க என்றார். நான் எழுந்து போய் அவர் நீட்டிய பாத்திரத்தில் குடித்தேன். திரும்பி வரும்போது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் கொள்ளுத்தாத்தாவுக்கு ஊர் டீக்கடையில் சிரட்டையில்தான் டீ. அந்தக் காலத்து மிஷன்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாத்திரம் என்றார்கள், அது பிடிக்காமல் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கோபித்துக்கொண்டு வெளியேறியும் மிஷன் இறங்கிவரவில்லை. அதைப் பார்த்துத்தான் நம் ஜனம் இந்தச் சபைக்கு வந்தது. பிறகு பல மிஷன்கள் ஒன்றாகச் சேர்ந்தன, பெண்களுக்கும் ஆயர் பட்டம் கொடுத்தார்கள். வருஷாவருஷம் ஆண்டுவிழா மேடையில் இதையெல்லாம் பேசுவது அப்பாதான். அதைச் சொல்லிக் கேட்டால், சாக்கடை அள்ளுற அவங்களும் நாமளும் ஒண்ணாடி, ஊரு என்ன பேசும் என்கிறார்.

ஆயரை மாற்றச் சொல்லிப் பேராயருக்கு மனு எழுதுகிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற படித்த பிள்ளை என்று உன் பெயரையும் சேர்க்க வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். சம்மதிக்காதே சாமி. களியும் கீரைக் குழம்பும் எடுத்துக்கொண்டு ஆயரைப் பார்க்கப் போனேன். போயிடாதீங்கம்மா என்றேன். நான் போகலைங்க, நீங்க வூட்டுல சமாளிச்சுக்குவீங்களா என்று அவர் என்னைக் கேட்டார். சமாளிப்பேன் என்றுதான் சொன்னேன்.

வீட்டில் சண்டை ஒன்றுமில்லை. கல்யாணமான நாளிலிருந்து நானும் அப்பாவும் ஒரே சொம்பில்தான் தண்ணீர் குடிப்போம். இப்போது அவர் தனக்கென்று தனிச்சொம்பு எடுத்து வைத்துக்கொண்டார். நான் குடித்து வைத்ததைத் தொடுவதில்லை.

கவிப்பிரியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. இதற்காக அப்பாவிடம் பேசாமல் இருந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போலக் கூப்பிடு. மூட்டுவலி மாத்திரை போட்டாரா என்று கேள், நான் கேட்டால் பதில் சொல்வதில்லை.

உன் அம்மா,
நிர்மலா