யூரியின் நாளுக்கு ஒரு ஊர்லவுப்

அனுப்புபவர்:
மரியாம்பிள்ளை அருட்பிரகாசம்,
அகதிகள் விடுதி, கீழ்மாடி,
பிராண்டன்பூர்க் மாநிலத் தெற்கெல்லை.

பெறுபவர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
வெளிநாட்டவர் அலுவலகம்.

விடயம்: டிரெஸ்டன் ஆசுப்பத்திரியில் கிடக்கும் யாக்கோப் வெபரை உயிருடன் பார்த்துவர, மாநில எல்லை தாண்ட அனுமதி கோரல், 'வேண்டாம்' என்று என் பெயரில் பதிந்ததை நீக்கக் கோரல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மன்னாரைச் சேர்ந்தவன். வயது எழுபத்திரண்டு. எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர் மேல்மாடியில் வசிக்கும் சிவமலர். ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் அவரே இணைப்பார். எழுத்துத்தான் இல்லையே தவிர, நடந்த எதையும் நான் மறப்பவனல்லன்.

2. என் கையில் இருப்பது டுல்டுங் மட்டுமே. அதாவது, திருப்பி அனுப்பாமல் என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று தந்து, பிறகு இன்னும் மூன்று மாதம் என்று ஒன்பது வருடமாகிவிட்டது. மாநிலத்தை விட்டு வெளியேறத் தங்கள் அனுமதித் துண்டு வேண்டும். எல்லையோ விடுதிக்குப் பக்கத்திலுள்ள ஆற்றுப் பாலம். ஒருமுறை கெவலார் மாதாவைக் கும்பிடத் துண்டில்லாமல் போய் ரயிலில் பிடிபட்டேன். மறுபடி பிடிபட்டால் குற்றவழக்காம். ஆகவே பாலம்வரை நடந்து, நின்று, திரும்பிவிடுவேன்.

3. யாக்கோப் எங்கள் எதிர்வீட்டுக்காரர்; ரஷ்யாவில் பிறந்த ஜெர்மன்காரர். நான் இங்கு வரும் வழியில், என்னைக் கள்ளமாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஒரு மாரிகாலம் முழுவதும் மொஸ்கோவில் ஒரு வீட்டுக்குள் என்னைப் பூட்டி வைத்திருந்தான். அங்கு பொறுக்கிய அரைகுறை ரஷ்யன்தான் எங்கள் இருவருக்கும் பாஷை. நான் முதலில் படித்த சொல் 'நில்ஸியா', கூடாது என்று அர்த்தம். இதைச் சொன்னதும் யாக்கோப், "அது தெரிஞ்சால் காணும் பிரகாசம், மிச்ச ரஷ்யன் முழுக்க அதுக்குள்ளதான் கிடக்கு" என்று சிரித்தார்.

4. அவர் சொல்லி நான் அறிந்தது: பழைய ரஷ்யாவில் குடியானவன் தன் நிலப்பிரபுவை விட்டுப்போக வருடத்தில் ஒரு தவணை இருந்தது. அறுப்பு முடிந்து, அவர்களுடைய பழைய கலண்டரில் நவம்பர் 26, யூரியின் நாள். யூரி என்பவர் குதிரையேறிப் பாம்பைக் குத்தும் எங்கள் வேதத்துப் புனிதர், அர்ச். யோர்ச்சியார்தான். பிறகு அரசர் 'இந்த வருடம் மட்டும் போகக்கூடாது' என்றாராம். அந்த 'இந்த வருடம்' முடிய இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் எடுத்ததாம்.

5. ஸ்டாலின் காலத்தில் யாக்கோப்பின் சனத்தை ரயிலேற்றிக் கசகஸ்தானில் இறக்கினார்கள். அடுத்த ஊருக்குப் போகவும் கொமெந்தாந்து என்ற காவலதிகாரியின் துண்டு வேண்டும். 1948இல், அதே நவம்பர் 26இல், இடம்விட்டுத் தப்பினால் இருபது வருடக் கடூழியம் என்று சட்டம் வந்தது. "திகதியைக்கூட விட்டு வைக்கேல்லை" என்பார். அந்த மாரியில் அடுத்த ஊரிலிருந்த அவருடைய தாய் சாகக்கிடந்தார். துண்டு கேட்டார், பிறகு வா என்றார்கள். கடைசியில் கிடைத்த துண்டில் காரணம் என்ற இடத்தில் 'அடக்கத்துக்கு' என்றிருந்தது. அடக்கமும் முடிந்திருந்தது.

6. அதனால் இங்கு வந்தபின் ஒவ்வொரு நவம்பர் 26உம் அவர் அந்தப் பாலத்தைக் கடந்து நடப்பார். வேறு அலுவல் இல்லை. நான் இந்தக் கரையில் நிற்பேன். அக்கரைப் பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கிவந்து பாதி பிய்த்துத் தருவார். "இந்தா பிரகாசம், வெளிநாட்டுச் சாமான்!"

7. இப்போது அவர் பாலத்துக்கு அப்பால் டிரெஸ்டன் ஆசுப்பத்திரியில்; எழும்ப ஏலாது. இம்முறை என்னைக் கடந்து வரச்சொல்லித் தன் மகள்மூலம் சொல்லியனுப்பினார். தங்கள் அலுவலகம் வந்தேன். அன்று சிவமலருக்கு வேலை. தங்கள் அலுவலக அம்மணி பாலப்பக்கம் கைகாட்டி "ஊர்லவுப்?" என்று கேட்டார். என் காதில் விழுந்தது 'ஊர்' மட்டும். ஊருக்குத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று பதறி, இரண்டு கையையும் ஆட்டி "நைன், நைன்!" என்றேன். அவர் அப்படியே 'வேண்டாம்' என்று பதிந்துவிட்டார். அவரில் பிழையில்லை; மரியாதையாகக் கதவுவரை வந்தார். சிவமலர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார்: "ஐயோ அண்ணை, போய்வாற துண்டுக்குப் பேரே ஊர்லவுப் எல்லோ!"

8. மறுபடி கேட்டபோது அடுத்த டெர்மீன், அதாவது சந்திக்கத் தரும் நாள், ஜனவரியில் என்றார்கள். இறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால் அன்றைக்கே துண்டு கிடைக்குமாம். இந்த வரி வேண்டாம் என்கிறார் சிவமலர். எழுது பிள்ளை என்கிறேன்.

9. நவம்பர் 26க்கு மறுநாள், 27, எங்கள் சனம் போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றிக் கூடும் நாள். நான் கேட்பது அதற்கல்ல. 26ஆம் திகதி பின்னேர ரயிலிலேயே திரும்பிவிடுவேன்.

ஆகவே ஐயா, இப்போது சாட்சியுடன் சொல்கிறேன்: எனக்கு ஊர்லவுப் வேண்டும். ஊருக்கல்ல, டிரெஸ்டனுக்கு. நவம்பர் 26 ஒருநாள் மட்டும். துண்டில் காரணம் எழுதும் இடத்தில், தயவுசெய்து 'அடக்கத்துக்கு' என்று எழுத வேண்டிவருமட்டும் என்னைக் காக்க வைக்காதீர்கள். 'பணிஸ் கொண்டுபோக' என்று எழுதித் தாருங்கள். பாதி பிய்த்துக் கொடுக்கும் முறை இம்முறை என்னுடையது.

இடம்: விடுதி
திகதி: 12.11.2007

இங்ஙனம் பணிவுடன்,
(இடது பெருவிரல் அடையாளம்)
ம. அருட்பிரகாசம்

சொன்னபடி எழுதி, அவருக்கு வாசித்துக் காட்டினேன்: சிவமலர்