இடம் மாறித் தூங்கிய கித்தார்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன், இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் கடிதம். எனக்குக் கண்ணில் புரை என்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கைதான் எழுதுகிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பாலத்துக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள் என்று இரண்டு தெருவும் அடித்துக்கொண்டு கிடந்தபோது, நீதானே வெளியூர் வேலைக்குப் போகுமுன் இரு பக்கத்துப் பிள்ளைகளையும் சேர்த்து இசைக்குழு வைத்தாய். நம் பிள்ளைகளின் வாத்தியம் அவர்கள் வீட்டில் தூங்க வேண்டும், அவர்களுடையது நம் வீட்டில் தூங்க வேண்டும், அப்போதுதான் ஒருவர் பொருளை ஒருவர் காப்பாற்றுவார்கள் என்று விதியும் போட்டாய். பிள்ளைகள் அதை மீறவே இல்லை. தங்கையின் கித்தார் அக்கரைத் தையற்காரர் வீட்டில் இருந்தது, அவர் மகனின் டிரம் நம் கட்டிலுக்கடியில். கித்தார் நனையாமல் இருக்க அவர் மிச்சத் துணியில் உறைகூடத் தைத்துப் போட்டிருந்தார்.

போன வாரம் பாலத்து முனையில் எதிரெதிரே வந்த வண்டிகளில் யார் பின்னால் எடுப்பது என்று ஆரம்பித்த பேச்சு கைகலப்பில் முடிந்தது. உன் அப்பாவும் ஆட்களும் அக்கரைக்குப் போனார்கள். திரும்பி வந்து, “இனிமே எவன் வாசிக்கிறான்னு பாக்கறேன், அந்தத் தையக்காரன் வீட்டுக் கித்தாரைச் சுவத்துல அடிச்சே ஒடச்சுட்டேன்” என்று மார்தட்டினார். இவள், “எந்தக் கித்தார்ப்பா, துணி உறை போட்டதா” என்று கேட்டாள். வீட்டில் இருப்பது டிரம், ஆகவே மகள் டிரம் அடிக்கிறாள் என்றுதான் அந்த மனிதருக்கு இத்தனை நாளும் எண்ணம். ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருந்தால்தானே. கூடப் போனவர்களும் அப்படித்தான், பெற்ற பிள்ளையின் பொருளைத் தேடிப் போய் உடைத்துவிட்டு வந்த சூரர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதற்கு எனக்கும் ஒன்று விழுந்தது.

அக்கரையில் ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை. தையற்காரர் மகன் துண்டுகளைப் பொறுக்கி அந்த உறையிலேயே கட்டிக்கொண்டு வந்து, “அழாத, எங்க டிரம் ஒங்க வீட்ல பத்திரமா இருக்குல்ல, அதை வெச்சு மறுபடி ஆரம்பிக்கலாம், ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கறேன்” என்று இவளிடம் சொல்லிவிட்டுப் போனான். அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நம்முடையது உடைந்து அவர்களுடையது முழுசாகத் திரும்பினால் தெருவில் தலைகாட்ட முடியாதாம். இன்று காலை காய் நறுக்கும் கத்தியால் டிரம்மின் தோலைக் குறுக்கும் நெடுக்கும் கிழித்துவிட்டார். எலி கடித்தது என்று சொல்ல வேண்டுமாம், அதையும் இவளே தன் கையால் கொடுத்துச் சொல்ல வேண்டுமாம். இவள் என்னைப் பார்த்தாள். நானும் சரி என்றுவிட்டேன், நான் இந்த வீட்டில்தானே குப்பை கொட்டியாக வேண்டும்.

கண்ணு, நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அந்தப் பையன் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால், எலிதான் என்று நீயும் சொல். விதி போட்டவன் நீ, நீ சொன்னால் நம்புவான்.

உன் அம்மா

அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் விடாமல் எழுதியவள்,
தங்கை