போர்வைக்கு வெளியே அக்காவின் கை

என் உயிரான மச்சானுக்கு,

போட்டோவில் மாலைக்குள்ளிருந்து சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மனைவியை, என் அக்காவை, எமன் கையிலிருந்து பறித்து வந்தவன் நான்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் போனபிறகு அவளை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவது நான். முதலிபாளையத்தில் அத்தனை துணிக்கும் சாயமேற்றிய கை இது. டாக்டருக்கே இரண்டு யோசனை சொன்னேன், ஆடிப்போய்விட்டார்.

போன வாரம் ஏசி குளிரில் அக்காவுக்கு நடுக்கம். ஊசி குத்திய கையையும் சேர்த்துப் போர்வையால் மூடிக்கொண்டாள். புடைத்த நரம்பை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற கூச்சம் வேறு. உங்களுக்குத் தெரியாததா? சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் போர்வை. கொஞ்ச நேரத்தில் வெள்ளையிலும் சிவப்பு படர்ந்தது. எனக்கு வந்ததே கோபம்!

“எந்த டையிங் பட்டறைல போட்டாங்க இத? சாயம் விடுது பாருங்க!”

“வாய மூடுடா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் அக்கா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுவென்று இருந்தது. போர்வை விடுகிற சாயம் எங்காவது சூடாக இருக்குமா, மச்சான்?

போர்வையை உருவினேன். ஊசி கழன்று, அவள் உடம்புக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் மெத்தைக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆபத்தென்றால் கத்த வேண்டிய மெஷின் கத்தவே இல்லை. நான் கத்தினேன், பல்லடம் வரை கேட்டிருக்கும். நர்ஸ் ஓடிவந்து மெஷினை நிறுத்தி, குழாயை அடைத்து, கையை அழுத்திப் பிடித்தாள்.

“ஏனுங்கக்கா, கை வெளிய தெரியோணும்னு எத்தன வாட்டி சொன்னனுங்க!”

அக்கா பிழைத்தாள். டாக்டர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். சரி, அழவில்லை, கண் கலங்கினார்.

வீடு வந்ததும் பிடிவாதம். “இனி அங்க வரமாட்டன். உன்ற மச்சான் போன எடத்துக்கே போயர்றேன்.”

“அவரு இப்பத்தான் நிம்மதியா இருக்காரு. அதுக்குள்ள போயி தொல்ல பண்ணாத.”

சிரித்துவிட்டாள். நேற்று டயாலிசிஸுக்கு வந்தாள். குளிருக்குத் தடித்த பனியன் துணியில், ஊசிக் கை மட்டும் திறந்திருக்கும்படி ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறேன். இந்த மாதிரியில் உலகத்திலேயே முதல் சட்டை.

மச்சான், அவள் கனவில் வந்தால் நலம் மட்டும் விசாரியுங்கள். கூப்பிட்டுவிடாதீர்கள். ஊசி ஏறி இறங்கும்வரை அந்தக் கையை விட்டு என் கண் நகராது. இதில் மட்டும் அளப்பு இல்லை.

உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
உங்கள் வாயாடி மச்சினன்