அவர்களுக்கு நீ முத்து சார்

என் இசக்கி அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் கை வருகிறது. கேட்டு என்ன ஆகப்போகிறது? நீ போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டில் நீ வாடகைக்கு இருந்த மாடி அறையில் இப்போது ராமநாதபுரத்துப் பெண்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஏதாவது நல்ல செய்தி கிடைத்ததும் உனக்கு எழுதலாம் என்று காத்திருந்தேன். கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் அருவருப்புதான். அதைத்தான் எழுதுகிறேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தவள். ஒரே லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று கார் விளக்குகளுக்கு ஒயர் மாட்டினோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் உன் அறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, நாம் பிறப்பதற்கு முன்பே டிவியில் வந்து போன ‘கோப்பு எண் 61’ என்ற உளவாளித் தொடரைப் பார்ப்போம். யாரோ பழைய கேசட்டிலிருந்து எடுத்து யூடியூபில் ஏற்றியிருந்தார்கள். படம் மங்கல், சத்தம் கரகரவென்று வரும். நீ வாயைப் பிளந்து பார்ப்பாய்.

அந்தத் தொடருக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருப்பதைக் கண்டுபிடித்தவளும் நீதான். கதையில் எங்கே ஓட்டை, யார் நடிப்பு சொதப்பல் என்று நாள் முழுக்கச் சண்டை போடுகிற குரூப். இசக்கியம்மாள் என்ற பெயரில் சேர்ந்த முதல் வாரமே நாலு பேர் தனியாக மெசேஜ் அனுப்பி, சாப்பிட்டீங்களா, எந்த ஊர், போட்டோ இல்லையா என்று கேட்டார்கள். நீ வெளியே வந்து, வேறு நம்பரில் இசக்கிமுத்து என்று மறுபடி சேர்ந்தாய். அதன்பிறகு ஒருவனும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. முத்து சார் என்ன சொல்றீங்க என்றுதான் கேட்டார்கள்.

ஏழாம் பாகம் நினைவிருக்கிறதா? உளவாளி ஜெயசீலன் செத்துப்போன ஒரு தொழிலாளியின் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு ஆயுதத் தொழிற்சாலைக்குள் நுழைகிறான். கேட்டில் எப்படி விட்டார்கள், அதுதான் பெரிய ஓட்டை என்று குரூப்பே குதித்தது. நீ சிரித்துக்கொண்டே எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய்.

“ஏட்டி அம்சா, கேட்டுல எவனாச்சும் நம்ம மூஞ்சியப் பாத்திருக்கானா? கார்டத்தான் பாக்கான், சட்டையத்தான் பாக்கான். அது ஓட்டையே இல்லட்டி. உள்ள போயி லைன்ல நிக்கான் பாரு, பக்கத்துல நிக்கவனுக்குத் தெரியாதாம். அதான் ஓட்ட. நீ ஒரு நாள் லீவு போட்டா எனக்கு ரெண்டு நிமிசத்துல தெரிஞ்சிரும், ஒயர் எடுக்க கையே வேறயா இருக்கும்.”

இதையே எழுத்தில் நீளமாகக் குரூப்பில் போட்டாய். குரலில் பதிவு செய்வதையெல்லாம் எனக்கு மட்டும்தான் அனுப்புவாய்.

அப்புறம் டைப்பிஸ்ட் கற்பகம். புருஷன் எல்லையில் சுடப்பட்டான் என்று அவளிடம் வந்து சொல்கிறார்கள். அவள் அழாமல் டைப் அடிக்கிறாள். மரக்கட்டை நடிப்பு என்றார்கள் எல்லோரும். “அழுவுறதுக்கு அவளுக்கு யாரு பெர்மிஷன் குடுத்தா” என்று நீ கேட்டாய். தொடரிலேயே நடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்று சண்டை போட்டாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. உன் தம்பி வந்து ஊருக்குக் கூட்டிப் போனான். எட்டாம் நாள் போன் வந்தபோது நான் லைனில் இருந்தேன். சூப்பர்வைசர் வந்து, நீ போய்விட்டாய் என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். பெல் அடிக்கும்வரை ஒயர் மாட்டிக்கொண்டே இருந்தேன், அக்கா. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

நீ என்னையும் சேர்த்துவிட்டிருந்த அந்தக் குரூப்பில் நான்தான் போட்டேன், முத்து காலமாகிவிட்டார் என்று. அப்போதும் உன் முழுப் பெயரைப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. ஒருவர் பூ போட்டார். ஐந்து நிமிடம் இருக்குமா? ஒன்பதாம் பாகத்தில் கார் நம்பர் மாறுவதை யாராவது கவனித்தீர்களா என்று ஒருவர் கேட்க, கும்பிட்ட அதே கைகள் அங்கே ஓடின. சோற்றை அப்படியே தள்ளி வைத்தேன். “இன்னாடி, எவனோ ஊர் பேர் தெரியாதவனுங்க, அவனுங்களுக்குப் போய் சோத்தத் தள்ளுற” என்றார் அம்மா. அவர் சொன்னதும் சரிதான். ஆனால் நீ அவர்களை ஊர் பேர் தெரியாதவர்களாக நினைக்கவில்லையே.

போன மாதம் படப்பையில் ஒரு ஹாலில் ரசிகர் சந்திப்பு வைத்தார்கள். நீ யார் என்பதை நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். முப்பது நாற்பது ஆண்கள் இருந்தார்கள். என்னைத் தவிர இருந்த ஒரே பெண், டீ கொண்டுவந்த அம்மா. குரூப் அட்மின் தாமோதரன் மேடையேறினார். ஒரகடம் கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருக்கிறாராம். ஏழாம் பாகத்தில் இத்தனை வருடமாக யாருமே பார்க்காத ஓட்டையைத் தான் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

கேட்டு இல்லை, லைன் என்றார். ஒயர் எடுக்கும் கை என்றார். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. “நம்ம கம்பெனில வேலை செய்யற பொண்ணுங்கள நான் ரொம்ப வருஷமா கவனிச்சிருக்கேன்” என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டார். கைதட்டல் ஹாலை நிறைத்தது.

நான் உட்கார்ந்தே இருந்தேன். கையில் போண்டா இருந்தது, அதைச் சாப்பிட்டும் முடித்தேன். அந்த மனிதரைவிட அந்த நேரத்தில் என்மேல் எனக்கு வந்த அருவருப்புதான் பெரிது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அடுத்து கற்பகத்தைப் பற்றிப் பேசினார்கள். நடிப்பைப் பற்றி இல்லை. ஈரப் புடவையில் வருகிற காட்சியைத் திரையில் நிறுத்தி வைத்து ஒருவன் சொன்னதை உனக்கு எழுத என் கை கூசுகிறது. ஹாலே சிரித்தது. அப்போதுதான் எழுந்தேன்.

“சார், ஏழாம் பாகத்தப் பத்தி நீங்க சொன்னது முத்து எழுதினது.”

“யாரும்மா நீ?”

“முத்து எங்க வூட்டு மாடிலதான் இருந்தாங்க. அவங்க பேரு இசக்கியம்மாள். லைன்ல எனக்குப் பக்கத்துல நின்னவங்க.”

தாமோதரன் சிரித்தபடியே சொன்னார். “குரூப்ல போட்டா அது பொதுச் சொத்தும்மா. இதுல உன்து என்துன்னு இன்னா இருக்கு?”

நான் மேடைக்குப் போனேன். நீ அனுப்பிய குரலைப் போனில் ஓடவிட்டு மைக்கில் பிடித்தேன். ஏட்டி அம்சா என்று நீ கூப்பிட்டது அந்த ஹால் முழுக்கக் கேட்டது. அரை நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்துவிட்டேன், அக்கா. பின்வரிசையிலிருந்து ஒருவன், “முத்து பொம்பளையா? வாய்ஸ் சூப்பரா கீதுபா” என்றான். இன்னொருவர் எழுந்து, ஆண் பெயரில் இருந்து நம்மை ஏமாற்றியிருக்கிறாள், இதைக் கண்டிக்க வேண்டும் என்றார். அதற்கும் கைதட்டினார்கள். எழுதியது நீதான் என்பதை அங்கே ஒருவரும் மறுக்கவில்லை. அதைப் பொருட்டாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் ஏறுவதற்குள் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

மணிமங்கலம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன். அழுகை வரவில்லை. வாய் கொப்பளிக்க வேண்டும்போல் இருந்தது. இவர்களிடம் பேசத்தானா நீ பெயரை மாற்றிக்கொண்டாய்? இந்தத் தாமோதரன் சாருக்கா “அருமையான பார்வை” என்று பதில் போட்டாய்? இதையெல்லாம் நேரில் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

இதையும் கேள். மாடியில் இருக்கும் பெண்களில் ஒருத்தி பெயர் பானு. நடந்ததைச் சொன்னேன். உன் குரலைக் கேட்டாள், பிறகு தொடரையே பார்க்க வேண்டும் என்றாள். பார்த்துவிட்டு, “லைன் விஷயம் கரெக்டுக்கா. ஆனா கற்பகம் நடிப்பு சுமார்தான். டைப் அடிக்கிறப்போ அவ கண்ணு கேமராவப் பாக்குது, நீங்களே பாருங்க” என்றாள். எனக்குக் கோபம் பொங்கியது. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தோம். பார்க்கத்தான் செய்கிறது. இந்த ஐந்து மாதத்தில் உன்னை மதித்து உன்னோடு சண்டை போட்டவள் அவள் ஒருத்திதான்.

உன் அம்மா போன வாரம் போன் பண்ணினார். “ஏளா, எம்மக அந்தப் போன்ல என்னத்தத்தான் பாத்துக்கிட்டே கெடந்தா? லீவுக்கு வந்தாலும் அதத்தான் பாப்பா. எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல” என்று கேட்டார்.  நேரில் வந்து சொல்கிறேன் என்றேன்.

பொங்கல் லீவுக்குச் சங்கரன்கோவில் பஸ் ஏறுகிறேன். அதற்குள் நீ அனுப்பிய குரல்கள் அத்தனையையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதி முடிப்பேன். உன் பேச்சைத் திருத்த மாட்டேன். நீ தப்பாகச் சொன்ன இடத்தையும் அப்படியே விடுவேன். முதல் பக்கத்தில் இசக்கியம்மாள் என்று முழுசாக எழுதி, உன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பாகத்திலிருந்து படித்துக் காட்டுவேன். கதை புரியவில்லை என்று அவர் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் உன் தங்கச்சி,
அம்சவேணி