தார் ஷீட் ஒட்டிய கதவுகள்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையிலேயே வெயில். ஆடி போயும் மழை இல்லை. கடையின் தகரக் கூரைக்குக் கீழே நிற்க முடியவில்லை.

வாங்க வேண்டியவை: ஸ்பீக்கர் வயர் ஒரு கட்டு, ஃபெல்ட் டேப், வீட்டுக்குத் துவரம்பருப்பு. கரண்ட் பில் கட்டணும்.

முத்துப்பேட்டை முருகையன் அண்ணன் போன் பண்ணினார். மீன் வியாபாரி. சித்திரையில் பழைய கார் ஒன்று வாங்கி நம்மிடம் ஸ்பீக்கர் போட்டவர். அப்போது, பாட்டு வைத்தால் கதவுத் தகடு கடகடவென்று அதிருது, அதை அடக்கணும், ஆனால் காருக்கென்று விற்கிற ஷீட் விலை கட்டாது என்றார். அவருக்குத்தான் முதன்முதலாக அந்தத் தார் ஷீட்டை ஒட்டினோம். மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டுவது. ஒரு பக்கம் வெள்ளிக் காகிதம், மறுபக்கம் தார். பார்க்க கார் ஷீட் மாதிரியே. ஹார்டுவேர் கடையில் அதைக் கண்டுபிடித்தது நான். சாமான் வாங்குவதும் விலை பேசுவதும் என் பாடு, பொருத்துவது என் வீட்டுக்காரர் அருள் பாடு. அருளுக்கு அப்போதே மனசில்லை. வெயிலில் எப்படி நிற்கும் என்று தெரியவில்லையே என்றார். மாடியில் நிற்பது கதவில் நிற்காதா என்று கேட்டு வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு இன்னும் ஐந்து வண்டிக்கு ஒட்டியாச்சு.

இன்று முருகையன் சொன்னது: டிரைவர் பக்கக் கண்ணாடி இறங்கும்போது சிக்குகிறது. வண்டிக்குள் தார் வாடை. அடுத்த தடவை தஞ்சாவூர் வரும்போது கொண்டுவாங்க, பார்த்துடலாம் என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார்.

அருளிடம் சொல்லவில்லை. சொன்னால் 'நான் அன்னிக்கே சொன்னேன்' வரும்.

ஆகஸ்ட் 20, புதன்

 

ஒரத்தநாட்டு டீச்சர் வண்டி வந்தது. அதே புகார், கண்ணாடி சிக்கல். அருள் கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினார். ஒட்டின ஷீட் ஒட்டின இடத்தில் இல்லை. வெள்ளிக் காகிதம் மட்டும் சுருங்கித் தொங்குகிறது. தார் உருகி, வெளித் தகட்டோடு வழிந்து, கண்ணாடி ஏறி இறங்குகிற ரெயிலில் போய் இறுகியிருக்கிறது. நாள் முழுக்க பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நிற்கிற வண்டி.

அருள் என்னைத் திட்டவில்லை. ஒட்டின வண்டியெல்லாம் கூப்பிடு என்றார், அவ்வளவுதான்.

கூப்பிட்டேன். மூன்று பேர் எடுத்தார்கள். நீடாமங்கலம் டாக்சிக்காரர் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று வருகிறது. முருகையன் சுவிட்ச் ஆஃப். சாயங்காலம் வரை அடித்துப் பார்த்தேன். சார்ஜ் இருக்காது. கடலோரம், டவர் கிடைக்காது. எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

முருகையன் கொடுத்திருந்த மீன் கடை நம்பரில் அவர் மச்சினன் எடுத்தார். நேற்றுக் காலை மன்னார்குடி தாண்டி, எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கினதில் கார் வாய்க்காலில் இறங்கிவிட்டதாம். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் கரை தொட்டு ஓடுகிற நேரம். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். மூச்சுக்கு மெஷின். கூட இருந்த மனைவிக்குக் காயம் இல்லை.

கண்ணாடியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. நீங்க யாரு என்றார். கார் ஸ்பீக்கர் கடை என்றேன். ஸ்பீக்கரெல்லாம் போச்சுங்க என்றார்.

 சோறு இறங்கவில்லை. வாசலில் எந்த பைக் நின்றாலும் போலீஸ் என்று தோன்றுகிறது. ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். முதல் வரிக்கு மேல் போகவில்லை. என்ன கேட்பது? அவர் பிழைக்கவேண்டும் என்றா, என்மேல் வராமல் இருக்கவேண்டும் என்றா? இரண்டும் ஒன்றாகவே வருகிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அருளிடம் ஹார்டுவேர் கடைக்கு என்று சொல்லிவிட்டு.

ஐசியூ வாசலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள் முருகையன் மனைவி செல்வி. முப்பது வயது இருக்கும். சித்திரையில் கடைக்கு வந்தபோது, எந்தப் பாட்டு போட்டுப் பார்க்கணும் என்று அவள்தான் சொன்னாள். வாங்கிப்போன ஆரஞ்சைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

அவளாகவே சொன்னாள். ஏசி போட்டிருந்ததால் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. கார் உடனே முங்கவில்லை, கொஞ்சம் மிதந்தது. கதவு திறக்கவில்லை. அவள் பக்கம் கண்ணாடிக் கைப்பிடியைச் சுற்றினாள், இறங்கியது, வெளியே வந்துவிட்டாள். அவரும் சுற்றினார்.

"அவரு பக்கம் நகரலக்கா. சுத்தச் சுத்தக் கைப்பிடி கழண்டு கையோட வந்துடுச்சு. அதக் கையில வச்சுக்கிட்டே என்னைப் பாத்தாரு."

அதற்குள் தண்ணீர். வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் குதித்து, அவள் பக்கத்து ஜன்னல் வழியாக அவரை இழுத்திருக்கிறார்கள்.

 தலையை ஆட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே வந்தேன். எந்த வழியாக என்று ஞாபகம் இல்லை.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் அருளிடம் எல்லாம் சொன்னேன். திங்கட்கிழமை போன் வந்ததையும். ரொம்ப நேரம் ஸ்குரூடிரைவரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு வண்டி எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மன்னார்குடி ஒர்க்‌ஷாப் ஒன்றின் பின்பக்கம். சேறு காய்ந்து, சீட்டில் ஆகாயத்தாமரை. மெக்கானிக் சாப்பிடப் போயிருந்தார். அருள் டிரைவர் பக்க அட்டையைக் கழற்றினார்.

வேறு காரணம் ஏதாவது இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்தேன். ரெயில் துரு, கம்பி அறுந்தது, ஏதாவது. ரெயில் நிறையத் தார். எங்கள் ஷீட்டின் தார். செல்வி உட்கார்ந்திருந்த பக்கத்து அட்டையையும் கழற்றினார். அங்கே ஷீட் வழியவே இல்லை. மீன் ஏலக்கூடத்தில் வண்டியை நிறுத்தினால் டிரைவர் பக்கம்தான் மேற்கு வெயிலாம். முருகையன் எப்போதோ சொன்னது.

சுற்றிலும் யாரும் இல்லை. என் வாய்தான் சொன்னது, "சொரண்டி எடுத்துடுங்களேன்."

அருள் பையிலிருந்து சுரண்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீயே எடு."

வாங்கினேன். கதவுக்குள் கையை விட்டேன். தார் அந்த வெயிலில் இளகித்தான் இருந்தது, ஒரு இழுப்பில் வந்துவிடும். கண்ணாடியின் உள்பக்கம் சேற்றில் விரல் தடங்கள். நாலு விரலும் கீழ்நோக்கி இழுத்தது.

கையை எடுத்துவிட்டேன். அட்டையை அப்படியே மாட்டிவிட்டு வந்தோம். 

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாதா கோவிலுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி. செல்வி பக்கத்தில் பாயிலேயே உட்கார்ந்து சொன்னேன். என்ன ஷீட், யார் வாங்கியது, எப்படி உருகியது. அழக்கூடாது என்று நினைத்துப் போனேன், முடியவில்லை. அவள் அழவில்லை.

"அவரு ஒங்ககிட்ட போன் பேசுனப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஆரஞ்சு வாங்கிக்கொண்டபோதே அவளுக்குத் தெரியும்.

மன்னிப்பு கேட்டேன். என்கிட்ட கேக்காதீங்க, அவரு முழிக்கட்டும் என்றாள். முழிக்கலன்னா என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். நானும் அந்த வார்த்தையை எழுதவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாலு வண்டிக்குத் தார் எடுத்தாயிற்று. தகட்டின் மேல் ஐஸ் கட்டி வைத்தால் தார் விறைத்து, தட்டினால் சில்லுச்சில்லாக விழுகிறது. மிச்சத்துக்கு மண்ணெண்ணெய்த் துணி. விரல் நகம் எல்லாம் கருப்பு.

அருள் கண்டது: கதவு முழுக்க ஒட்டத் தேவையே இல்லையாம். காருக்கென்று விற்கிற பியூட்டைல் ரப்பர் ஷீட்டில் சின்னத் துண்டு, தகட்டின் நடுவில் கால்வாசி இடத்துக்கு ஒட்டினாலே அதிர்வு அடங்குகிறது. உள் அட்டைக்கு ஏசி குழாய்க்குச் சுற்றும் கருப்பு ஃபோம், வயர் கிளிப் தடதடக்காமல் இருக்க ஃபெல்ட் துணி டேப். செலவு தார் ஷீட்டை விடக் கொஞ்சம்தான் கூட. முருகையனாலும் முடிந்திருக்கும்.

டீச்சர் வண்டியில் பாட்டு வைத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. எனக்குக் கேட்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

நீடாமங்கலம் டாக்சி மட்டும் பாக்கி. தெரிந்த டிரைவர்களிடம் சொல்லிவைத்தோம். வண்டியை விற்றுவிட்டார் என்கிறார் ஒருவர். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நிற்கும் என்கிறார் இன்னொருவர். பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

மெஷினை எடுத்துவிட்டார்கள். வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். செல்வி போன் பண்ணி வரச்சொன்னாள். குரலில் கோபமும் இல்லை, வேறெதுவும் இல்லை. உடனே போனேன்.

பாதியாகிவிட்டார். மூக்கில் குழாய். செல்வி முன்னமே சொல்லிவிட்டாள் போல. நான் ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்தேன். ரொம்ப நேரம் மூச்சு வாங்கினார். அடிப்பார், போலீஸைக் கூப்பிடுவார், மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

"இதே மாதிரி வேற யாருக்கு ஒட்டியிருக்கீங்க?" குரல் காற்றாகத்தான் வந்தது.

சொன்னேன். எல்லாவற்றிலும் எடுத்துவிட்டோம், ஒரு வண்டி மட்டும் கிடைக்கவில்லை, நீடாமங்கலத்தில் ஓடுவதாகச் சொல்கிறார்கள் என்றேன். கண்ணைத் திறந்தார்.

"அப்பறம் ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

செல்வி என் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

நீடாமங்கலம் பஸ்ஸில் எழுதுகிறேன். அருளைச் சுரண்டியோடு ஸ்டேஷன் வாசலுக்கு வரச்சொல்லியிருக்கிறேன். ரோட்டோரம் முழுக்க வாய்க்கால், கரை தொட்டுத் தண்ணீர். எதிரே வருகிற ஒவ்வொரு வெள்ளை டாக்சியின் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே வருகிறேன், இறங்கியிருக்கிறதா என்று.