ஓடையோடு இறங்கிய சனிக்கிழமை

ஜன. 18, வெள்ளி

காலையில் நல்ல பனி. ஏரிக்குப் போய் மதகு ஷட்டரை இறக்கி, மூன்று நாள் லீவு சொல்லியாயிற்று. ஜவ்வாது மலை, இரண்டு வருஷமாக வெறும் பேச்சு. இன்றுதான் கிளம்பினோம். நான், மாமா (அக்கா வீட்டுக்காரர், ஸ்கூல் வாத்தியார்), பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் தாவூத்.

மாமாவுக்குச் சுகர். காலையில் ஊசி, போட்டால் வேளைக்குச் சாப்பிட்டாக வேண்டும். பஸ் ஏறும்போது அக்கா என்னிடம்தான் சொன்னாள்: "அவுரு வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. நீதான் பாத்துக்கணும். மயக்கம் வந்தா குளுக்கோஸ் போடு. வுட்டுட்டா ஆளு தேற மாட்டாருன்னு டாக்டரு சொல்லிக்கீறாரு."

எடுத்துப்போனது: தார்பாய், போர்வை 3, டார்ச், அரிசி, ரவை, ஊறுகாய், குளுக்கோஸ் பாக்கெட் 2, தீப்பெட்டி (ஒன்று நமுத்துவிட்டது).

உத்திரமேரூர் - வந்தவாசி - போளூர், பிறகு மலை பஸ். ரோட்டிலிருந்து நாலு மைல் நடை. ஒரு பெரிய பாறை ஓரம் தார்பாய் கட்டினோம். குளிர். வழியெல்லாம் மாமா: "மச்சானுக்கு இன்னா, ஷட்டரை ஏத்தினா வேலை, எறக்கினா வேலை. மீதி நேரம் தூக்கம்." தாவூத் சிரித்தான். எனக்கு எரிந்தது. வருஷம் முழுக்க இதே பேச்சு.

ஜன. 19, சனி

(ஞாயிறு எழுதுவது. நேற்று பேனா பிடிக்க முடியவில்லை.)

காலை உப்புமா. மாமா ஊசி போட்டுச் சாப்பிட்டார். தாவூத்துக்குக் காலில் கொப்புளம். "நான் சோறாக்கிக்கினு கீறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்றான். எதிரே தெரிந்த உச்சிக்கு ஏறி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவதாகத் திட்டம். பையை அவனிடமே விட்டோம். குளுக்கோஸ் அதற்குள். நினைக்கவே இல்லை நான்.

காடு நன்றாகத்தான் இருந்தது. மூங்கில், கடுக்காய் மரம், கால் புதையச் சருகு. மாமா வாத்தியார்த்தனம் எல்லாம் விட்டு விசிலடித்துக்கொண்டு வந்தார்.

உச்சியிலிருந்து இறங்கும்போது தடம் தவறியது. மணி பன்னிரண்டு. மாமா சொன்னார்: "மேட்டுலயே போவோம். அந்தாண்ட பொகை மாதிரி தெரியுது பாரு." எனக்கும் தெரிந்தது. ஆனால் கீழே ஓடைச் சத்தம். எங்கள் பக்கம் எந்த வாய்க்காலைப் பிடித்து நடந்தாலும் ஏரி வரும், ஏரிக்கரை தாண்டினால் ஊர் வரும். பதினோரு வருஷம் தண்ணீரோடு வேலை எனக்கு. "பொகை இன்னா பொகை, பனி அது. தண்ணி போற எடத்துலதான் மாமா ஊரு இருக்கும். இது உங்க ஸ்கூல் போர்டு கீர்டு இல்ல" என்றேன். பனி இல்லை என்று தெரியும். அவர் சொல்லி நான் கேட்கக் கூடாது, அவ்வளவுதான்.

மூன்று மணி நேரம் இறங்கினோம். ஊர் இல்லை. கடைசியில் ஓடை அப்படியே பாதாளத்தில் விழுந்தது. திரும்பினால் நெட்டு ஏற்றம். மாமாவுக்கு வேர்த்துக் கொட்டியது. பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, "நீ எந்த கிளாஸ்?" என்றார். உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார்.

அவர் பாக்கெட், என் பாக்கெட், எல்லாம் துழாவினேன். ஒரு மிட்டாய்கூட இல்லை. அக்காவிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் தோன்றியது. அவர் செத்துப்போவார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. என்ன மனுஷன் நான்.

கத்திக்கொண்டே ஏறினேன். மேலேயிருந்து கடுக்காய் பொறுக்கும் ஒரு அம்மா குரல் கொடுத்தார். அவர் வீட்டுக்காரர் தேனெடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். இருவரையும் கூட்டிக்கொண்டு கீழே ஓடினேன். மாமாவின் ஈறில் தேனைத் தடவினோம், திரும்பத் திரும்ப. கால் மணி நேரம் இருக்கும். கண் திறந்தார். நான் அழுதேன்.

அந்த அம்மா கேட்டார்: "ஓடையோட எதுக்கு சாமி எறங்குனீங்க? பள்ளத்துல யாரு குடியிருப்பா? ஊரெல்லாம் மேலதான்."

கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். புகை வந்தது அவர்கள் ஊரிலிருந்துதான். சாமைச் சோறு, அவரைக் குழம்பு. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் போய் தாவூத்தைக் கூட்டி வந்தார்.

ஜன. 20, ஞாயிறு

போளூரில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். "இன்னும் அரை மணி போயிருந்தா கஷ்டம்" என்றார். தாவூத் பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தான்: "பேஜாராப் போச்சுபா."

வந்தவாசி தாண்டி, தாவூத் தூங்கியதும் சொன்னேன்: "பொகைய நானும் பாத்தேன் மாமா."

"தெரியும்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் அக்கா கேட்க ஆரம்பிக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார்: "நான்தான் ஓடையோட போலாம்னேன். உன் தம்பி வேணாம்னான்." அக்கா அவரைத் திட்டினாள், அழுதாள். என் தட்டில் கறியை அள்ளி அள்ளி வைத்தாள். நான் சாப்பிட்டேன்.

ஜன. 22, செவ்வாய்

பனி இல்லை. மதகில் கிரீஸ் போட்டது. நேற்றிலிருந்து இருமல். கடைமடைக்காரர் வந்து சத்தம்: "எங்களுக்கு மட்டும் தண்ணி வராதா?" முன்னே என்றால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

சாயங்காலம் அக்கா வீடு. உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். காபி கொடுத்தாள். மாமா பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"இனிமே அவுரு எங்க போனாலும் நீ கூடப் போவணும். உன்ன நம்பித்தான் அனுப்புவேன், வேற யாரையும் நம்ப மாட்டேன்" என்றாள்.

சரிக்கா என்றேன்.