அறுபத்தொன்றாம் வருஷத்து இருவர்

அன்புள்ள டுவைட்,

நீ வாங்கிய பழைய டிரெய்லரை, அந்தச் சக்கரம் வைத்த தகர வீட்டை, காரின் பின்னால் மாட்டி ஒமாஹா நகரத்திலிருந்து நாற்பது மைல் வேகத்தில் இழுத்து வந்தாய். "குலுங்கக் கூடாது, பாவம்" என்றாய். பிரசவம் முடிந்து என்னை அழைத்து வந்தபோது எண்பதில் வந்தாய். டிவியில் ஆட்டம் தொடங்கிவிடும் என்றாய்.

டிரெய்லரோடு வந்த வழியில் பெட்ரோல் போட நின்றபோது ஒரு கிழவர் அதைத் தடவிப் பார்த்து, "அடேயப்பா, எந்த வருஷத்து அழகிப்பா இது?" என்றார்.

"அறுபத்தொண்ணு! உடம்புல ஒரு நசுங்கல்கூட இல்ல" என்று பூரித்தாய்.

"நானும் அறுபத்தொண்ணுதான்" என்றேன். இருவரும் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

எனக்குப் பொறாமை இல்லை. தகரத்தின்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா?

சாப்பாட்டு மேசையில் வைத்தால் இந்தக் கடிதம் வாரக்கணக்கில் கிடக்கும் என்பதால் டிரெய்லரின் கதவில் ஒட்டியிருக்கிறேன். நான் உள்ளேதான் இருக்கிறேன். தட்டிவிட்டு வா.

இப்படிக்கு,
பக்கத்து இருக்கையில் வந்தவள்